பங்கு போட்ட மாத்திரை

மூன்றாம் நம்பர் காட்டேஜில் கழிப்பறையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அமிர்தவல்லிக்கு மறுபடியும் முட்டிக்கொண்டு வந்தது. எதிரே வெள்ளைவெளேரென்று கோப்பை இருக்கிறது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கியதே அவள்தான். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் சோலி முடிந்தது. ஆனால் உட்காரக் கூடாது. இப்படி ஒரு சட்டம் போட்டவனுக்கு ஒருநாளாவது இந்த வியாதி வர வேண்டும் என்று அவள் மனதாரச் சபித்தாள்.

வட்டக்கானல் சரிவில் ‘மேகவாசல்’ என்று பேர் எழுதி வரிசையாகக் காட்டேஜ்கள் நிற்கின்றன. முதலாளி கோயம்புத்தூரில் இருக்கிறார். இங்கே மேனேஜர் சுந்தரராஜ்தான் எல்லாம். அறைகளைச் சுத்தம் செய்ய மூன்று பெண்கள்: அமிர்தவல்லி, அன்னக்கொடி, சுதாராணி. போன சீசனில் ஒரு கெஸ்ட் அம்மாள் அறைக்குள் நுழைகிற நேரம் பார்த்து, சுதாராணி பாத்ரூமிலிருந்து சேலையை உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அந்த அம்மாள் அதை இன்டர்நெட்டில் எழுதி, ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்றையிலிருந்து வேலைக்காரர்கள் யாரும் கெஸ்ட் பாத்ரூமில் கால் மடக்கக் கூடாது. மீறினால் அன்றோடு வேலை காலி.

வேலைக்காரர்களுக்கென்று தனியாக ஒன்று இல்லாமலில்லை. பம்ப் ரூமுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதன் குழி நிரம்பி வாசல்வரை வந்து மாதக்கணக்காகிறது. குழியை உறிஞ்சும் லாரி அந்தச் சரிவில் இறங்காது, அவ்வளவு நீளத்துக்குக் குழாயும் கிடையாதாம். இன்னும் கீழே போனால் சோலைக்காடு. அங்கே காட்டுமாடு நிற்கும். காட்டுமாடு இல்லாத நேரத்தில் அதைப் படம் பிடிக்க வந்த கும்பல் நிற்கும். இரண்டில் எது மேல் என்று கேட்டால் அன்னக்கொடி யோசிக்காமல் காட்டுமாடு என்பாள். அதனிடம் கேமரா இல்லை.

ஆகவே மூவரும் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். காலையில் வீட்டில் ஒரு டம்ளர் டீ, அதோடு சரி. மலைக்குளிரில் தாகமும் எடுக்காது, நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தார்கள்.

நல்லதாகப் போகவில்லை. முதலில் எரிச்சல் வந்தது அமிர்தவல்லிக்குத்தான். ஒன்றுக்குப் போனால் மிளகாயை அரைத்துத் தடவியது போல எரியும். சொட்டுச் சொட்டாக வரும், எழுந்தால் மறுபடியும் வரும்போல இருக்கும். அடிவயிறு கனத்துக் கிடக்கும். வேன் ஓட்டுகிற அவள் புருஷன் பாலகுமார் இதைக் கேட்டதும் பெரிய வைத்தியன்போல முகத்தை வைத்துக்கொண்டான்.

"ஒடம்பு சூடு. வேறொன்னுமில்ல. வெந்தயத்த ஊறப்போட்டுக் குடி."

"என்னாங்க, ஸ்வெட்டருக்கு மேல ஸ்வெட்டர் போட்டுத் திரியுற ஊர்ல எங்கிட்டுருந்து வருது சூடு?"

"உள் சூடுடி. அது வெளிய தெரியாது."

வெந்தயம் குடித்தாள். இளநீர் குடித்தாள். வத்தலக்குண்டுக்குச் சவாரி போனபோது யாரோ சொன்னார்கள் என்று அவன் ஒரு கட்டு முள்ளங்கி வாங்கிவந்து போட்டான், அதையும் தின்றாள். எரிச்சல் அப்படியே இருந்தது. ராத்திரி அவன் பக்கத்தில் வந்தால் தள்ளிவிட்டாள். அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தான். கடைசியில் அவளே கிளினிக் ஒன்றுக்குப் போய்க் காட்டினாள். யூரின் இன்பெக்ஷன் என்று சொல்லி ஒரு அட்டை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காலை ஒன்று, ராத்திரி ஒன்று.

காலையில் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டியது. அதனால் மாத்திரையை வேலைக்குக் கொண்டுவந்து மதியம் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள். கதை கெட்டது அங்கேதான்.

மதியச் சாப்பாடு துணி அறையில், போர்வைக் குவியலுக்கு நடுவில் நடக்கும். அங்கே உன் டப்பா, என் டப்பா என்ற பேச்சே கிடையாது. மூன்று மூடியும் ஒன்றாகத் திறக்கும். அன்னக்கொடியின் கருவாட்டுக் குழம்பு சுதாராணியின் சோற்றுக்குப் போகும், சுதாராணியின் பீன்ஸ் பொரியல் எல்லார் தட்டிலும் விழும். கெஸ்ட் யாராவது பிரித்துவிட்டு வைத்துப் போன சாக்லேட் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் அது பல்லால் கடிபட்டு மூன்று துண்டாகும். தலைவலித் தைலம், வலி மாத்திரை, எல்லாம் அப்படித்தான். ஒருத்தி தனியாகத் தின்றால் அவளுக்கு வயிறு வலிக்கும் என்பது அந்த அறையின் எழுதாத சட்டம். மேனேஜரின் சட்டத்தைவிட அது பெரியது.

அன்று அமிர்தவல்லி மாத்திரையை எடுத்ததும் அன்னக்கொடி கேட்டாள்.

"எதுக்குக்கா அது?"

அமிர்தவல்லி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அன்னக்கொடி கையிலிருந்த சோற்றைக் கீழே வைத்துவிட்டாள்.

"அட, எனக்கும் அதேதாங்கா! வெளிய சொல்ல வெக்கமாக் கெடக்கு. ஒன்னுக்குப் போறதுக்கே பயமா இருக்கு."

"எனக்கும் கொஞ்ச நாளா கடுக்குது" என்றாள் சுதாராணி.

அப்புறம் என்ன? அட்டை மூன்று பேர் கையிலும் போய் வந்தது. ஆளுக்கு மூன்று, நான்கு. இரண்டு நாளில் மூவருக்கும் எரிச்சல் நின்றுவிட்டது. "ஒங்க டாக்டர் கைராசிக்காரர்க்கா" என்று அன்னக்கொடி மெச்சிக்கொண்டாள். ஒருத்தி வாங்கிய மருந்தில் மூன்று பேர் குணமானால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? அமிர்தவல்லிக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து எரிச்சல் திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. மறுபடியும் அதே கிளினிக், வேறு மாத்திரை, இன்னும் பெரிய சைஸ். மறுபடியும் துணி அறை, மறுபடியும் ஆளுக்குக் கொஞ்சம். மறுபடியும் நின்றது, மறுபடியும் வந்தது. இப்போது இடுப்புக்கு மேலே ஒரு வலியும் கூடவே வந்தது. கிளினிக்காரர் மூன்றாவது தடவை அவளைப் பார்த்ததும், "எங்கிட்ட மருந்து தீந்துபோச்சும்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று கைவிரித்துவிட்டார்.

அவளுக்கு வந்த எரிச்சல் உடம்போடு நிற்கவில்லை. புருஷன் பேசினால் எரிந்தது. பஸ் லேட்டானால் எரிந்தது. ஏரியைச் சுற்றிச் சைக்கிள் விட்டுக்கொண்டு சிரிக்கிறவர்களைக் கண்டால் அவர்கள் கையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது. சொன்ன மாத்திரையைத் தின்றாயிற்று, சாமிக்கு நேர்ந்தாயிற்று, காரத்தை விட்டாயிற்று. இன்னும் என்னதான் வேண்டும் இந்தப் பாழாய்ப்போன வியாதிக்கு?

பெரிய ஆஸ்பத்திரியில் தேவசேனா என்று ஒரு டாக்டர். சின்ன வயசு. சிடுசிடுவென்று இருந்தாலும் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டாள்.

"போன தடவ குடுத்த மாத்திரைய முழுசா சாப்பிட்டீங்களா?"

"முழுசா தீந்துருச்சு டாக்டர். அட்டைல ஒன்னுகூட மிச்சமில்ல."

அமிர்தவல்லி பொய் சொல்லவில்லை. அட்டை தீர்ந்தது உண்மைதானே. யார் வயிற்றுக்குள் போய்த் தீர்ந்தது என்று டாக்டர் கேட்கவில்லை, இவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. குழம்பு தீர்ந்ததா என்று கேட்டால் யார் யார் ஊற்றிக்கொண்டார்கள் என்றா சொல்வோம்?

டாக்டர் சர்க்கரை பார்த்தாள், இல்லை. ஸ்கேன் எடுத்தாள், கல் இல்லை. கல்ச்சர் பார்க்க வேண்டும் என்று மூடிபோட்ட டப்பாவில் சிறுநீர் பிடித்துத் தரச் சொன்னாள். அது மலைக்குக் கீழே போய், கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்குச் சாகும் என்று எழுதி வர வேண்டும். அதுவரை வலிக்கு மட்டும் ஒரு மாத்திரை. அமிர்தவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு போர்வை மடித்தாள்.

ரிசல்ட் வந்த அன்று டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தாள்.

"என்னம்மா இது? சாதாரணமா குடுக்குற மருந்து எதுவுமே கேக்காதுன்னு வந்திருக்கு. மாத்திரை ஒன்னுக்கும் அசையாது. இத இப்படியே விட்டா கிட்னிக்கு ஏறிரும். ஊசிதான் போடணும். ஒரு வாரம், தெனமும் காலைல வந்துரணும். நெறைய தண்ணி குடிக்கணும். ஒன்னுக்கு வந்தா அடக்கவே கூடாது. ஒடனே போயிரணும், புரியுதா?"

உடனே போயிரணும். அமிர்தவல்லிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எங்கே போவது என்று எந்தக் காகிதத்திலும் எழுதி வரவில்லையே. ஆனால் அவள் வாயில் வந்தது வேறு.

"ஊசி வேணாம் டாக்டர். மாத்திரையாவே குடுத்துருங்க."

"ஏன், ஊசின்னா பயமா?"

"பயமில்ல. ஊசின்னா எனக்கு மட்டுந்தான ஆகும்? அன்னக்கொடிக்கும் சுதாராணிக்கும் என்ன செய்ய?"

டாக்டரின் பேனா நின்றது.

"யாரு அன்னக்கொடி?"

அமிர்தவல்லி சொன்னாள். ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தெரியாததால் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னாள். துணி அறை, அட்டை, ஆளுக்கு மூன்று, இரண்டே நாளில் குணமானது, கைராசி எல்லாம். சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறுவதைப் பார்த்து அவள் குரல் தானாகவே இறங்கியது.

"என்ன காரியம்மா பண்ணி வச்சிருக்கீங்க!" டாக்டர் காகிதத்தை மேஜையில் போட்டாள். பிறகு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"காட்டேஜ் கிளீனிங்."

"கரப்பானுக்கு ஸ்பிரே அடிப்பீங்கள்ல? மிச்சம் புடிக்கிறேன்னு லேசா அடிச்சா என்ன ஆகும்?"

"சாகாது டாக்டர். கொஞ்ச நேரம் மல்லாந்து கெடந்துட்டு ஓடிப்போயிரும். மறுவாரம் அந்த ஸ்பிரேக்கே பயப்படாது."

சொல்லி முடித்ததும் அமிர்தவல்லிக்கு உறைத்தது.

"அதேதான். மூணு பேரும் மூணு மூணு போட்டு கிருமிய மயங்க வச்சீங்க, கொல்லல. மயக்கம் தெளிஞ்சு அது பலசாலியா எந்திரிச்சிருச்சு. அந்த ரெண்டு பேரும் எப்படி இருக்காங்க?"

"சுதாராணி பரவால்ல. அன்னக்கொடிக்கு நேத்துலருந்து குளிர் காய்ச்சல். விலாப்பக்கம் வலிக்குதுங்கிறா."

"அவங்கள இன்னிக்கே கூட்டிட்டு வாங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க. கிட்னில ஏறியிருந்தா விளையாட்டில்ல." டாக்டர் ஊசிக்கு எழுதினாள். எழுதிக்கொண்டே தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்: "நல்லவேளை, இத பங்கு வைக்க முடியாது."

ஊசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டு அமிர்தவல்லி வட்டக்கானலுக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். நல்லது செய்கிறோம் என்று நினைத்து அன்னக்கொடியைக் காய்ச்சலில் தள்ளியாயிற்று. கிளினிக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அவரையும் திட்டினாள். அடக்கிவைக்கச் சொன்ன சுந்தரராஜைத் திட்டும்போது மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. டாக்டர் சொன்னபடி பாட்டில் தண்ணீர் முழுவதையும் வழியிலேயே குடித்து முடித்திருந்தாள்.

அன்று சனிக்கிழமை. எல்லாக் காட்டேஜும் புக்காகியிருந்தது. முந்தின நாள் கூட்டம் காலி செய்துவிட்டுப் போக, அடுத்த கூட்டம் மத்தியானம் வந்து இறங்கும். அதற்குள் அத்தனை அறையும் தயாராக வேண்டும். சுந்தரராஜ் வாசலிலேயே நின்றார்.

"என்ன அமிர்தம், இதுதான் வர்ற நேரமா? வெரசா போங்க. சுதாராணி ஒன்னாம் நம்பர்ல நிக்குது, நாலாம் நம்பர்ல அன்னக்கொடி தனியா கெடந்து அல்லாடுது."

"சார், அந்த ஸ்டாஃப் டாய்லெட்..."

"லாரி எறங்காதுன்னு எத்தன தடவ சொல்றது? மழை முடியட்டும், பாப்போம். ஓனர்ட்ட பேசியிருக்கேன்."

"அதுவரைக்கும் நாங்க எங்க சார் போறது?"

"ஏம்மா, ஊர்ல எல்லாரும் எங்க போறாங்க? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க." சுந்தரராஜுக்கு இதில் ஒரு கஷ்டமும் கிடையாது. பைன் மரம் ஒவ்வொன்றும் அவருக்குக் கழிப்பறைதான். பாதையில் ஆள் வந்தாலும் முதுகைக் காட்டினால் போதும்.

நாலாம் நம்பரில் அன்னக்கொடி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். விரிப்பு பாதி போட்டபடி கிடந்தது. அமிர்தவல்லி நெற்றியைத் தொட்டாள். நெருப்பாகக் கொதித்தது, ஆனால் பல் கிடுகிடுவென்று அடித்தது.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போகணும். டாக்டர் ஒன்னயக் கூட்டிட்டு வரச் சொல்லுச்சு."

"இன்னிக்காக்கா? சனிக்கெழம. போனா சீட்டைக் கிழிச்சுருவாரு." அன்னக்கொடி தலையை ஆட்டினாள். "ஒங்களுக்குக் குடுத்த மாத்திரைல ரெண்டு குடுங்க, போதும். ரெண்டு நாள்ல சரியாப்போயிரும்."

"மாத்திரை இல்ல. எனக்கு ஊசி."

"பையில இருக்கும். பாருங்கக்கா."

"இல்லடி!"

அன்னக்கொடி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை அமிர்தவல்லியைக் குத்தியது. இத்தனை நாளில் அன்னக்கொடி கேட்டு அவள் இல்லையென்று சொன்னதே கிடையாது. சாக்லேட்டைக் கடித்துப் பங்கு போட்டவள், தனக்கு நல்ல மருந்து கிடைத்ததும் மறைக்கிறாள் என்று நினைக்கிற பார்வை அது.

"இருந்தாலும் தர மாட்டேன்" என்றாள் அமிர்தவல்லி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாம பங்கு போட்டதுலதான் ஒனக்கு இந்தக் காய்ச்சல். எனக்குப் பாதி, ஒனக்குப் பாதின்னு தின்னு, ஆருக்கும் கேக்காமப் போச்சு. ஒன்னய நாந்தாண்டி கெடுத்துட்டேன். வா, இனியும் கெடுக்க மாட்டேன்."

அன்னக்கொடிக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அக்கா அழுவதை அவள் இதுவரை பார்த்ததில்லை. மறுபேச்சுப் பேசாமல் எழுந்தாள். எழுந்தவள் உடனே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"அக்கா, முடியலக்கா. வருது."

ஜன்னலுக்கு வெளியே மஞ்சுமூட்டம் இறங்கியிருந்தது. சோலைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் பொடியன்களும் பெண்களுமாக ஒரு கூட்டம் போனை நீட்டிக்கொண்டு நின்றது. அப்படியானால் காட்டுமாடும் அங்கேதான் நிற்கிறது. அமிர்தவல்லி பாத்ரூம் கதவைத் திறந்தாள்.

"போ உள்ள."

"ஐயோ, வேணாம். சார் பாத்தா..."

"போடி உள்ள!"

தள்ளாத குறையாக உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். வழியில் குடித்த தண்ணீர் இப்போது அவளுக்கே முட்டிக்கொண்டு வந்தது. ஊசி போட்ட முதல் நாள், எரிச்சல் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை. உள்ளே அன்னக்கொடி வலி தாங்காமல் முனகுகிற சத்தம் கேட்டது. அமிர்தவல்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசலில் பெட்டி உருளும் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்தாள். சுந்தரராஜ் முன்னால் வந்தார். பின்னால் ஒரு புருஷன், ஒரு பெண்சாதி. மலைப்பாதை வளைவுகளில் குலுங்கி வந்த களைப்பு இரண்டு பேர் முகத்திலும் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அமிர்தவல்லி வயசுதான் இருக்கும். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள்.

"வெல்கம் சார், வெல்கம் மேடம். ரூம் ரெடியா அமிர்தம்?" என்ற சுந்தரராஜ், பாதி விரித்த கட்டிலைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். அதே நேரத்தில் கதவுக்குப் பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. "உள்ள யாரு?"

"அன்னக்கொடி சார்."

"கிளீனிங்கா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். ஒரு சின்னப் பொய்யோடு தப்பித்துவிடலாம். சுந்தரராஜே அந்தப் பதிலை எதிர்பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அமிர்தவல்லிக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க அடிவயிற்று எரிச்சல் நெஞ்சுவரை ஏறியது.

"இல்ல சார். ஒன்னுக்குப் போயிருக்கா. அவளுக்குக் காய்ச்சல், எனக்கும் இன்பெக்ஷன். அடக்கி அடக்கி வந்த வியாதி. அடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருச்சு. வேலைய விட்டு நிறுத்துறதுன்னா நிறுத்திக்கங்க. அவ வெளிய வந்ததும் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

சுந்தரராஜின் முகம் வெளுத்தது. கெஸ்ட் புருஷன் போனைப் பார்ப்பதுபோல வாசலுக்கு நகர்ந்தான்.

"மேடம், சாரி மேடம். இப்பவே வேற ரூம்..." என்று சுந்தரராஜ் வாய் குழறினார்.

"எனக்கு ரூம் வேணாங்க, பாத்ரூம்தான் வேணும்." அந்தப் பெண் அவரைத் தாண்டி அமிர்தவல்லியிடம் வந்தாள். முகம் வலியில் சுருங்கியிருந்தது. "வத்தலக்குண்டுல எறங்கிப் பாத்தேன், உள்ள காலே வைக்க முடியல. அங்க இருந்து அடக்கிக்கிட்டு வர்றேன். எவ்வளவு நேரம் ஆகும்?"

அமிர்தவல்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த அம்மாளும் ஒரு ஸ்டார் போடக்கூடும். போட்டால் போடட்டும்.

"உள்ள ஆளு இருக்காங்கம்மா" என்றாள். "அடுத்து நான். எனக்கப்புறம் நீங்க."

அந்தப் பெண் ஒரு கணம் சுந்தரராஜைப் பார்த்தாள். பிறகு கைப்பையைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, அமிர்தவல்லிக்குப் பின்னால் வந்து வரிசையில் நின்றாள்.